விரதமும் பழக்கமும் – உயர்வைத் தடுக்கும் குணங்களை வெல்லும் வழி

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் கந்தசஷ்டி விரதம் தொடங்குகின்றது. அன்று முதல் ஆறு நாட்களும் ஊர்க் கோயிலின் தோற்றமே வேறாகிவிடும். வழமையில் ஏழு மணிக்குப் பின்னரே பாயை விட்டு எழும்புபவர் நான்கு மணிக்கே கிணற்றடியில் நிற்பார். நாளொன்றுக்குப் பத்துத் தடவை வெற்றிலைத் தட்டத்தைத் தேடும் கை அதனைத் தேடாமலே இருக்கும். தேநீர் குடியாமல் வேலை தொடங்காதவர் பாலுடனும் பழத்துடனும் நாளைக் கழிப்பார். சிறு சொல்லுக்கும் சினந்தெழுபவர் “விரத நாளில் வாய் தவறக்கூடாது” என்று அடங்கிப் போவார். இவரை வற்புறுத்துபவர் எவருமில்லை. தவறினால் தண்டிப்பவரும் இல்லை. தாமாக மேற்கொண்ட நியமத்தைத் தாமே காத்து நிற்கின்றார்.

ஏழாம் நாள் பாறணையுடன் விரதம் நிறைவுறுகின்றது. பத்தாம் நாள் சென்று பார்த்தால் அதே மனிதர் ஏழு மணி வரை உறங்குகின்றார். வெற்றிலைத் தட்டம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. வீட்டில் பழைய ஏச்சும் பேச்சும் கேட்கின்றன. “என்ன செய்வது, இது பிறவிக் குணம், மாற்றேலாது” என்று அவரே கூறவும் செய்கின்றார். ஆறு நாட்களாக மாற்றிக் காட்டியவரும் இவரே என்பதை அவர் மறந்துவிடுகின்றார்.

ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விடயம் இது. விரதம் காக்கத் தெரிந்த ஒருவருக்குத் தீய பழக்கத்தை மாற்றும் வல்லமை ஏற்கெனவே கைவந்திருக்கின்றது. அதனைக் கோயில் வீதியோடு நிறுத்திவிடாமல் படிப்பிலும் தொழிலிலும் குடும்பத்திலும் பயன்படுத்துவது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

வள்ளுவர் காட்டும் நான்கு தடைகள்

திருக்குறளின் பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் மூன்று அதிகாரங்களும் 60, 61, 62 என அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதலில் உள்ளத்தில் எழுச்சி வேண்டும். அடுத்து அதனைக் கெடுக்கும் சோம்பல் நீங்க வேண்டும். அதன் பின்னரே இடைவிடாத முயற்சி கைகூடும். இந்த வரிசை முறையே ஒரு பாடமாகும். மனத்தில் ஆசை இருந்தும் முன்னேற முடியாதவர்கள் பெரும்பாலும் நடுவிலுள்ள படியிலேயே நின்றுவிடுகின்றனர்.

மடியின்மை அதிகாரத்தின் ஐந்தாம் குறளில் காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், அளவுமீறிய உறக்கம் என்னும் நான்கினையும் வள்ளுவர் ஒருங்கே வைத்து, இவை கெட்டுப்போகும் இயல்புடையோர் விரும்பி ஏறும் மரக்கலம் என உருவகித்தார். இங்கே ‘விரும்பி’ என்ற கருத்து கவனிக்கத்தக்கது. இந்த நான்கும் ஒருவரைப் பலவந்தமாக இழுத்துச் செல்வதில்லை. ஏறும்போது அவை இன்பமாகவே இருக்கின்றன. கரை தூரமான பின்னரே ஆபத்துத் தெரிகின்றது.

காலம் தாழ்த்துபவர் வேலையைச் செய்யமாட்டேன் என்று சொல்வதில்லை. நாளைக்குச் செய்வேன் என்றே சொல்கின்றார். தொழில் விண்ணப்பத்தின் இறுதித் திகதிக்கு முதல்நாள் பிறப்புச் சான்றிதழின் பிரதியைத் தேடி அலைபவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. வெங்காயம் நடும் பருவத்தைப் பிந்தவிட்ட கமக்காரனின் விளைச்சல் மழையில் அகப்பட்டு அழுகும்போது, மழையை நொந்து பயனில்லை.

மறதி எனப்படுவது எப்போதும் மூளையின் குறைபாடன்று. கொடுக்க வேண்டிய கடனை மறப்பவர் வரவேண்டிய கடனை மறப்பதில்லை. எதற்கு மதிப்பு அளிக்கப்படுகின்றதோ அது நினைவில் நிற்கின்றது. அன்றன்று செய்ய வேண்டியவற்றை ஒரு சிறு கொப்பியில் எழுதி வைக்கும் வழக்கம் மாத்திரமே இக்குறையிற் பெரும்பகுதியை நீக்கிவிடும்.

சோம்பல் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வலிமையுடன் நிற்கின்றது. புத்தகத்தை விரிக்கும் வரை மலையாகத் தோன்றும் பாடம், முதற் பக்கம் முடிந்தபின் அவ்வளவு பாரமாகத் தோன்றுவதில்லை. ஆகவே சோம்பலை வெல்ல நினைப்பவர் முழு வேலையையும் எண்ணி மலைக்காமல், தொடங்குவதை மாத்திரம் இலக்காகக் கொள்ளுதல் நன்று.

உறக்கத்தைப் பொறுத்தவரை இன்றைய நிலை சற்று வேறானது. வளரும் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். உறக்கத்தைத் துறந்து படிப்பது பெருமையன்று. ஆனால் நள்ளிரவு கடந்தும் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு, பகலில் வகுப்பறையில் கண் சொருகும் மாணவரின் நிலை, உறக்கம் தவறான நேரத்தில் வந்து கல்வியை விழுங்குவதாகும். இங்கு வெல்லப்பட வேண்டியது உறக்கத்தைப் பின்தள்ளும் பழக்கமே.

மனப்பாங்கில் உள்ள தடைகள்

பழக்கங்கள் வெளியே தெரிபவை. அவற்றுக்கு உரமிடும் எண்ணங்களோ உள்ளே மறைந்திருப்பவை. அவற்றுள் மூன்று இங்கு நோக்கத்தக்கன.

முதலாவது, “எனக்குத் தெரியும்” என்னும் எண்ணம். சைவ சித்தாந்த மரபில் இதற்குச் சிறந்த விளக்கமாக ஒரு வரலாறு வழங்குகின்றது. திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் மாணவர்களுக்கு ஆணவ மலத்தின் இயல்பை விளக்கிக்கொண்டிருந்தார். சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்றவரும் மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குலகுருவுமான முதியவர் அங்கு வந்து நின்று, ஆணவத்தின் நிலை எப்படிப்பட்டது என்று வினவினார். வயதில் இளையவரான மெய்கண்டார் எதுவும் பேசாமல், அவர் நின்ற நிலையையே உற்று நோக்கினாராம். பண்டிதர் அதன் பொருளை உணர்ந்தார். அவ்விடத்திலேயே அடிபணிந்து மாணவரானார். அருள்நந்தி சிவாசாரியார் என்னும் பெயர் பெற்று, சிவஞான சித்தியார் என்னும் பெருநூலைத் தந்தவர் அவரே. தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்ட அந்த ஒரு கணம் இல்லாதிருப்பின், அந்நூலும் தோன்றியிராது. வயதில் இளையவரிடமும் மகனிடமும் மகளிடமும் ஒன்றைக் கேட்டு அறிவதை இழிவாக எண்ணும் பெரியோருக்கு இவ்வரலாறு ஒரு வழிகாட்டியாகும்.

இரண்டாவது, “எங்கள் தலைவிதி” என்னும் எண்ணம். போரும் இடப்பெயர்வும் இழப்பும் கண்ட மண்ணில் இச்சொல் எளிதாக நாவில் வருவது இயல்பே. சிலருடைய துன்பங்கள் அவர்களது பழக்கத்தால் வந்தவை அல்ல என்பதும் உண்மையே. வீட்டையும் உறவையும் இழந்த ஒருவரிடம் சென்று, உனது குணமே உன்னைக் கெடுத்தது என்று கூறுவது கொடுமையாகும். எனினும், வந்த துன்பத்துக்கு விதி காரணமாக இருக்கலாம். நாளைக் காலை எழும்பாமைக்கு விதி காரணமன்று. ஊழ் என்று தனி அதிகாரமே வகுத்து அதன் வலிமையை ஒப்புக்கொண்ட வள்ளுவரே, ஆள்வினையுடைமை அதிகாரத்தின் இறுதியில், தளராது முயல்பவர் அந்த ஊழையும் தோற்றோடச் செய்வர் என்கின்றார். தெய்வத்தால் கூடாத விடத்தும் உடல் வருந்திய உழைப்புக்குக் கூலி உண்டு என்பதும் அவர் துணிபாகும். விதியை நம்பும் சைவர் ஒருவர் முயற்சியை விடுவதற்கு அந்நம்பிக்கையில் இடமில்லை.

மூன்றாவது, “எனக்கு நேரமில்லை” என்னும் எண்ணம். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832 ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். உத்தியோகமும் பின்னர் வழக்கறிஞர் தொழிலும் பார்த்து வாழ்ந்தவர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தல் அவருக்குச் சோறு போட்ட தொழிலன்று. அவ்வாறிருந்தும் செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் அச்சில் ஏற்றினார். அவருக்கும் நாளொன்றுக்கு 24 மணி நேரமே இருந்தது. நேரமில்லை என்று கூறுபவர் ஒரு வாரம் தாம் தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் ஊர்க்கதைக்கும் செலவிடும் நேரத்தை எழுதிப் பார்த்தால், அந்நேரம் எங்கே போகின்றது என்பது புலனாகும்.

விரதம் கற்பிக்கும் முறை

இத்தடைகளைக் களைவதற்குப் புதிய கலை எதனையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. விரதம் ஏன் வெற்றி பெறுகின்றது என்பதை நுணுகி நோக்கினால் அதனுள்ளேயே வழி இருக்கின்றது.

விரதத்தின் தொடக்கம் சங்கற்பம். நாடு, ஊர், வருடம், மாதம், திதி, வாரம், நட்சத்திரம், பெயர் என யாவற்றையும் சொல்லி, இன்ன காரியத்தை இன்ன நோக்கத்துக்காகச் செய்கின்றேன் என்று உரைக்கப்படுகின்றது. “இனிமேல் நன்றாகப் படிப்பேன்” என்பது சங்கற்பம் ஆகாது. “மாலை விளக்கேற்றியவுடன், முன்விறாந்தையில் இருந்து, ஒரு மணி நேரம் கணிதம் செய்வேன்” என்பதே சங்கற்பம். நேரமும் இடமும் செயலும் தெளிவாக இருக்கும்போது மனம் தப்பியோட வழியில்லாமற் போகின்றது.

அடுத்தது அடையாளம். கையில் அணியும் தருப்பையும் நூற்காப்பும் விரதகாரருக்குத் தமது நியமத்தை இடையறாது நினைவூட்டுகின்றன. அவ்வாறே, மாற்ற நினைக்கும் பழக்கத்தைப் பற்றிய ஒரு குறிப்பைக் கண்ணிற் படும் இடத்தில் வைத்தலும், கடைப்பிடித்த நாட்களை நாட்காட்டியில் குறித்து வருதலும் பயன் தரும்.

மூன்றாவது சூழல். விரத காலத்தில் ஒருவருக்காக வீடு முழுவதும் மாறுகின்றது. மச்சம் சமைப்பதில்லை, சட்டி பானைகள் தனியாக வைக்கப்படுகின்றன. ஆசையைத் தூண்டும் பொருள் கண்ணில் படாமல் அகற்றப்படுவதால் மனத்துக்குப் போராட்டம் குறைகின்றது. படிக்கும் பிள்ளையின் தலைமாட்டில் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு, அடக்கம் இல்லையென்று ஏசுவதில் நியாயமில்லை. இரவில் வீட்டிலுள்ள எல்லோருடைய தொலைபேசிகளும் ஓரிடத்தில் வைக்கப்படுமாயின், பிள்ளையின் தொலைபேசியும் அங்கே வந்து சேரும். தகப்பனார் கையில் வைத்துக்கொண்டு மகனைத் தடுப்பது நிலைக்காது.

நான்காவது துணை. விரதகாரர் தனித்து இருப்பதில்லை. கோயிலில் ஒன்றுகூடிப் பூசை காண்கின்றனர், புராணபடனம் கேட்கின்றனர், ஒருவரையொருவர் பார்த்து உறுதி பெறுகின்றனர். ஒரே வகுப்பில் படிக்கும் மூன்று பிள்ளைகள் வாசிகசாலையில் ஒன்றாக இருந்து படிப்பதும், புகைத்தலை விட நினைப்பவர் அதனை நண்பரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் இத்தகைய துணையே.

எத்தனை நாட்கள் வேண்டும்?

இவ்வளவும் இருந்தும் பத்தாம் நாள் பழைய பழக்கம் திரும்புவது ஏன்? இதற்கு விடை கால அளவில் உள்ளது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவரது குழுவினரும் 96 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, அதனை 2010 இல் வெளியிட்டனர். உணவு, பானம், உடற்பயிற்சி ஆகியவை தொடர்பான ஒரு சிறு செயலைத் தெரிவுசெய்து, நாள்தோறும் ஒரே சந்தர்ப்பத்தில் 12 வாரங்கள் செய்யுமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். அச்செயல் எண்ணிப் பார்க்காமலே நிகழும் பழக்கமாக மாறுவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் இது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடலாம் என்றும் மதிப்பிடப்பட்டது.

ஆகவே ஆறு நாட்களில் பழக்கம் வேரூன்றவில்லை என்பதற்காக எவரும் தம்மைத் தாமே இகழ வேண்டியதில்லை. கந்தசஷ்டியின் ஆறு நாட்களும் கேதார கௌரி விரதத்தின் 21 நாட்களும் நல்ல தொடக்கங்கள். தொடங்கியதைப் பாறணையோடு கைவிடாமல் இரண்டு மூன்று மாதங்களுக்கு நீட்டிப்பதே வேண்டப்படுவது. விரத நாட்களில் கைவந்த அனைத்தையும் நீட்டிக்க முயல வேண்டியதுமில்லை. அதிகாலை எழுதல் என்னும் ஒன்றை மாத்திரம் தெரிவுசெய்து அடுத்த தைப்பூசம் வரை காத்தால் போதுமானது. கந்தசஷ்டி முதல் தைப்பூசம் வரையிலான காலம் ஏறத்தாழ மூன்று மாதங்களாகும்.

மேற்கூறிய ஆய்வு கண்ட மற்றுமோர் உண்மையும் ஆறுதல் அளிப்பது. இடையில் ஒரு நாள் தவறியதனால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படவில்லை. பலரைக் கெடுப்பது தவறிய அந்த ஒரு நாளன்று. “இனி என்ன, எல்லாம் போய்விட்டது” என்று மறுநாளும் விட்டுவிடும் மனமே. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், காற்றைப் போல மனமும் அடக்க முடியாதது என்று அருச்சுனன் முறையிடும்போது, அது கடினமே என்பதைக் கண்ணபிரான் மறுக்கவில்லை. பயிற்சியாலும் பற்றின்மையாலும் அடக்கலாம் என்றே கூறுகின்றார். பயிற்சி என்பது விழுந்து எழுவதையும் உள்ளடக்கியதாகும்.

காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் வழக்கொழிந்த பண்டை யாழின் இலக்கணத்தை மீட்பதற்குப் பல்லாண்டுகள் உழைத்தார். கல்விப் பணிகளும் நோயும் இடையிடையே குறுக்கிட்டன. விட்ட இடத்தில் மீண்டும் தொட்டுத் தொடர்ந்தமையாலேயே 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே சுவாமிகள் இறையடி சேர்ந்தார். ஒத்திப்போட்டிருந்தால் அந்நூல் தமிழுக்குக் கிடைத்திராது.

தனியே வெல்ல இயலாதவை

எல்லாப் பழக்கங்களும் மனவுறுதியால் மாத்திரம் நீங்குபவை அல்ல என்பதையும் இங்கு கூறுதல் அவசியம். மதுப் பழக்கம் முற்றிய ஒருவர் விரதத்தை நினைத்துத் திடீரென நிறுத்தும்போது நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் முதலியன ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து வரக்கூடும். அவரைப் பழிப்பதாலும் சத்தியம் வாங்குவதாலும் நோய் தீராது. வைத்தியசாலையின் மனநல மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்வதே உறவினரின் கடன். அவ்வாறே, நெடுநாளாக எதிலும் விருப்பமின்றி, உணவும் உறக்கமும் கெட்டு ஒதுங்கியிருக்கும் இளைஞரைச் சோம்பேறி என்று எண்ணிவிடுவதும் தவறு. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது இழிவு இல்லையெனின், இதற்கு எடுப்பதும் இழிவில்லை.

மயிலும் சேவலும்

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் மாலை கோயில் வீதியில் சூரசங்காரம் நடைபெறுகின்றது. தலைகள் மாறி மாறி வரும் சூரன், இறுதியில் மாமரமாகி நிற்கின்றான். வேல் அம்மரத்தைப் பிளக்கின்றது. பிளவுபட்ட கூறுகள் மயிலாகவும் சேவலாகவும் எழுகின்றன. எம்பெருமான் அவற்றை அழிக்கவில்லை. ஒன்றை வாகனமாகவும் மற்றையதைக் கொடியாகவும் ஏற்றுக்கொண்டார். ஆண்டுதோறும் சிறுபிள்ளைகள் தோளில் ஏறியிருந்து பார்க்கும் இக்காட்சியில் பழக்கம் பற்றிய ஆழ்ந்த கருத்தொன்று அடங்கியுள்ளது.

பழைய பழக்கத்தை வெறுமனே நிறுத்தினால் அவ்விடம் வெறுமையாகி, அதே பழக்கம் வேறு தலையுடன் திரும்பி வரும். அதன் ஆற்றலை வேறு வழியில் திருப்பினால் அதுவே துணையாகும். ஊர்க்கதை பேசுவதில் வல்லவர் சனசமூக நிலையத்தின் பணிகளுக்கு ஆட்களைத் திரட்டலாம். பிடிவாதக்காரன் என்று பெயரெடுத்த சிறுவனின் பிடிவாதம் விடை காணாத கணக்கின் மேல் திரும்பினால், அவன் எழுந்து போகமாட்டான். இரவில் கைத்தொலைபேசியைத் தேடும் விரல்களுக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுக்கலாம். அயலவரின் உயர்வு கண்டு புழுங்கும் மனம், அவர் எவ்வாறு உயர்ந்தார் என்று விசாரித்து அறியுமாயின், அப்புழுக்கமே படிப்பாக மாறும்.

அடுத்த கந்தசஷ்டிக்குச் சங்கற்பம் செய்யும்போது, ஆறு நாட்களுக்கான நியமத்தோடு, பாறணைக்குப் பின்னும் காக்க வேண்டிய ஒரு சிறு நியமத்தையும் ஒவ்வொருவரும் மனத்துள் சேர்த்துக்கொள்ளலாம். அது பத்து நிமிட வாசிப்பாக இருக்கலாம். ஒரு வேளை வெற்றிலையைக் குறைப்பதாக இருக்கலாம். வீட்டாரிடம் கடுஞ்சொல் சொல்லாதிருப்பதாக இருக்கலாம். மயில்வாகனப் பெருமான் திருவருளால் அந்நியமம் தைப்பூசம் வரை நிலைத்து, ஊரின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நல்ல பழக்கம் வேரூன்றுவதாக.